வாழ்க்கைக் குறிப்பா? ரெஸ்யூமேயா?
விண்ணப்பம் போடுகிற நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி



நான்காவது செமஸ்டர் முடிந்த சமயம் எங்கள் ஹாஸ்டலில் நடந்த ஒரு கதையோடு ஆரம்பிக்கிறேன். கதையில் ரெண்டே பேர். ஒருவன் நான், மெக்கானிக்கல். இன்னொருவன் என் ரூம்மேட், எலெக்ட்ரிகல்.

ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். 'ரெஸ்யூமே அனுப்பவும்' என்று கீழே ஒரு வரி. நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரெண்டு பக்கம் எழுதினேன். 'நான் ஒரு சிறிய கிராமத்தில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன். சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்குத் தணியாத ஆர்வம்...' என்று போகும் அந்தக் கடிதம். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. கம்பெனிக்காரர்களுக்குக் கலங்கவில்லை போலிருக்கிறது. பதிலே வரவில்லை.

அதே வாரம் என் ரூம்மேட், படிப்புக்கு உதவித்தொகை தரும் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டான். 'உங்களைப் பற்றியும், உதவி எதற்காகத் தேவை என்பது பற்றியும் ஒரு பக்கம் எழுதி அனுப்பவும்' என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். இவன் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் முப்பது ரூபாய்க்கு ஒரு ரெஸ்யூமே அடித்து வாங்கி அனுப்பிவிட்டான். மார்க், பிரிவு, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு என்று எல்லாம் கட்டம் கட்டி அழகாக இருந்தது. 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது.

ரெண்டு காகிதத்தையும் எங்கள் ஒர்க்‌ஷாப் சாரிடம் காட்டினோம். படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

"ஏன்டா, ரெண்டு பேரும் பேப்பரை மாத்தி அனுப்பியிருந்தா ரெண்டு பேருக்குமே கிடைச்சிருக்குமேடா!"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு மாதப் பயிற்சி எனக்குப் போனது. என் நண்பனுக்கு ஒரு வருஷ ஃபீஸ் போனது. அவன் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் அந்த வருஷம் கட்டினார். எந்த இடத்துக்கு எந்தக் காகிதம் என்று தெரியாததற்கு நாங்கள் கொடுத்த விலை இது. நீங்கள் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று பெயர், மூன்று கேள்வி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஆட்கள் பயோ-டேட்டா, ரெஸ்யூமே, சி.வி., வாழ்க்கைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒன்று போலவே பேசுகிறார்கள். அப்படி இல்லை.

பயோ-டேட்டா என்பது 'நீ யார்?' என்ற கேள்விக்குப் பதில். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி, மதம், திருமணம் ஆனவரா ஆகாதவரா, கடைசியில் 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று ஒரு கையெழுத்து. நம் அப்பா, சித்தப்பா காலத்தில் வேலைக்கு இதைத்தான் அனுப்பினார்கள். இன்றைக்கு இது அதிகமாகப் பயன்படுவது கல்யாணத் தரகரிடம்தான்!

ரெஸ்யூமே என்பது 'உன்னால் என்ன செய்ய முடியும்?' என்ற கேள்விக்குப் பதில். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் இது. 'சுருக்கப்பட்டது' என்று பொருள். அதாவது, சுருக்கமாக இல்லாவிட்டால் அது ரெஸ்யூமேயே அல்ல. நமக்கு ஒரு பக்கம் போதும்.

வாழ்க்கைக் குறிப்பு என்று நான் இங்கே சொல்வது, நம்மைப் பற்றி நாமே பத்தி பத்தியாக எழுதும் கட்டுரையை. பர்சனல் ஸ்டேட்மெண்ட், ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ் என்று பல பெயர்களில் கேட்பார்கள். 'உனக்கு ஏன் இது வேண்டும்?' என்ற கேள்விக்கு இது பதில்.

சி.வி. என்பது லத்தீன் சொற்களின் சுருக்கம். 'வாழ்க்கையின் ஓட்டம்' என்று பொருள். பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் தங்கள் கட்டுரைகள், பட்டங்கள் எல்லாவற்றையும் பல பக்கங்களுக்குப் பட்டியல் போடுவது இதில்தான். நம் ஊர்க் கம்பெனிகளும் வளைகுடா நாட்டுக் கம்பெனிகளும் சி.வி. என்று கேட்டால் பெரும்பாலும் ரெஸ்யூமேயைத்தான் கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

ஆக, கேள்வி மூன்று. நீ யார்? என்ன செய்வாய்? ஏன் வேண்டும்? எதிராளி இந்த மூன்றில் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

யார் எதைக் கேட்கிறார்கள்?

நம் டிப்ளமோ மாணவர்களுக்கு வரும் சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தனியார் கம்பெனி வேலை, கேம்பஸ் இன்டர்வியூ, இன்டர்ன்ஷிப்: சந்தேகமே வேண்டாம், ரெஸ்யூமே. நூறு காகிதம் மேஜையில் கிடக்கும்போது யாரும் நம் பிறந்த கதையைப் படிக்கப் போவதில்லை. 'லேத் ஓட்டுவானா? டிராயிங் படிப்பானா?' இதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்ரண்டீஸ் பயிற்சி: 1961-ல் வந்த தொழிற்பழகுநர் சட்டம், 1973-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இதற்கு முதலில் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே கேட்பது விவரங்கள்தான். ஆனால் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது கையில் ரெஸ்யூமே இருக்கட்டும்.

அரசு வேலை: டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் போன்ற தேர்வுகளுக்கு ரெஸ்யூமேயும் வேண்டாம், வாழ்க்கைக் குறிப்பும் வேண்டாம். அவர்களே படிவம் வைத்திருக்கிறார்கள். அதில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். இங்கே எழுத்துத் திறமைக்கு மார்க் கிடையாது. தப்பில்லாமல் நிரப்புவதுதான் திறமை.

பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு: கவுன்சிலிங் மார்க்கை வைத்து நடக்கிறது. கட்டுரை எதுவும் தேவையில்லை.

உதவித்தொகை, வெளிநாட்டுப் படிப்பு: வாழ்க்கைக் குறிப்பு வேலை செய்யும் இடம் இதுதான். பணம் கொடுப்பவரும் இடம் கொடுப்பவரும் நம் மார்க்கை ஏற்கெனவே பார்த்துவிடுகிறார்கள். ஒரே மார்க் எடுத்த பத்துப் பேரில் யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்ய நாம் எழுதுவதுதான் ஆதாரம். சில இடங்களில் ரெண்டுமே கேட்பார்கள். அப்போது ஒன்றில் எழுதியதையே இன்னொன்றில் எழுதக் கூடாது. ரெஸ்யூமேயில் 'என்ன' இருக்கட்டும். குறிப்பில் 'ஏன்' இருக்கட்டும்.

ராமானுஜன் எழுதிய இரண்டு விண்ணப்பங்கள்

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?' என்று கேட்கிற நண்பர்களுக்கு நம் கும்பகோணத்து ஆளையே உதாரணம் காட்டுகிறேன்.

கணித மேதை ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர். எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து வகுப்பை அவரால் தாண்ட முடியவில்லை. கணக்கில் மட்டும் ஆர்வம், மற்ற பாடங்களில் கோட்டை. நம் பாஷையில் சொன்னால் அரியர்!

1912 பிப்ரவரியில் அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் போட்டார். சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில தடைகளால் தொடர முடியவில்லை, அதற்குப் பிறகு கணிதத்தில் ஈடுபட்டு வருகிறேன், கொடுத்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்று நம்பிக்கை இருக்கிறது என்ற அளவில் முடித்துக்கொண்டார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு. மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அடுத்த வருஷம், 1913 ஜனவரி 16-ம் தேதி, அதே மனிதர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஓய்வு நேரத்தில் கணக்குப் போடுகிறேன், ஏழை என்பதால் இவற்றில் மதிப்பு இருந்தால் வெளியிட உதவ வேண்டும் என்று கேட்டார். பின்னால் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். சுமார் 120!

இதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் எழுதி, அது பலிக்கவில்லை. ஹார்டி மட்டும் தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தேற்றங்களை ஆராய்ந்தார். பிப்ரவரியிலேயே பதில் போட்டார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

கவனியுங்கள் நண்பர்களே! ஆள் ஒருவர்தான். ஒரு வருஷ இடைவெளியில் ரெண்டு விண்ணப்பம். துறைமுகத்துக்கு 120 தேற்றத்தை அனுப்பியிருந்தால், 'குமாஸ்தா வேலைக்கு எதுக்குய்யா இது?' என்று எடுத்து வைத்திருப்பார்கள். ஹார்டிக்கு நாலு வரியும் ஒரு சிபாரிசும் மட்டும் அனுப்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். படிக்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று பார்த்து எழுதினார்.

இன்னொன்றும் கவனியுங்கள். எஃப்.ஏ. முடிக்கவில்லை, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை இரண்டிலுமே மறைக்கவில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு, 'ஆனால் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்' என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். நாம் ராமானுஜன் இல்லைதான். ஆனால் அந்த முறையை நாமும் பின்பற்றலாமே!

ஜெராக்ஸ் கடை ரெஸ்யூமே

மறுபடி என் கதைக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப் சார் சிரித்த பிறகு எனக்கு ரோஷம் வந்தது. நானும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ரெஸ்யூமே தயாராக இருந்தது. பெயரையும் மார்க்கையும் மாற்றினால் போதும் என்றார் கடைக்காரர். 'சவால் மிகுந்த சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சியோடு என்னையும் வளர்த்துக்கொள்வதே என் லட்சியம்' என்று முதல் வரி. 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், விரைவில் கற்றுக்கொள்பவர்' என்று அடுத்த வரி. தெரிந்தவை என்ற இடத்தில் 'சி.என்.சி. புரோகிராமிங்' என்று இருந்தது. இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது செமஸ்டரில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்கு வந்தது. எங்கள் வகுப்பில் 38 பேர் போனோம். அந்தப் பெரியவர் ரெஸ்யூமேக்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, எல்லாருக்கும் ஒரே லட்சியமா?" என்று கேட்டார். என் முறை வந்தது.

"சி.என்.சி. தெரியும்னு போட்டிருக்கீங்க. ஜி-02, ஜி-03 ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ரெண்டுமே வளைவாக வெட்டுவதற்கான கட்டளை. 02 கடிகாரம் சுற்றும் திசை, 03 அதற்கு எதிர்த்திசை. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "தெரியாதது தப்பில்லை தம்பி. தெரியும்னு எழுதினதுதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது கால் நடுங்கியது.

ஆக, ரெஸ்யூமேயைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அது நம்முடைய ரெஸ்யூமேயாக இருக்க வேண்டும். இப்போது செல்போனிலேயே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் எழுதித் தருகிறது. நல்ல விஷயம்தான், பிழை திருத்தப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நாம் எந்த மிஷினில் நின்றோம், என்ன வெட்டினோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நாம் சொல்லாவிட்டால் அதுவும் அந்த ஜெராக்ஸ் கடை வரிகளைத்தான் வேறு மாதிரி தரும்.

"அதெல்லாம் ஒரு வேலையாடா?"

அப்படியானால் அனுபவமே இல்லாத நாம் ரெஸ்யூமேயில் என்னதான் எழுதுவது? இந்தக் கேள்வி எல்லோருக்கும் உண்டு. பதில் என் ரூம்மேட்டிடமிருந்து கிடைத்தது.

அவனும் புது ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தான். படிப்பு, மார்க் எழுதியாயிற்று. அதற்குமேல் கை ஓடவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்றான். நான் சும்மா கேட்டேன், "லீவுல ஊருக்குப் போனா என்னடா பண்ணுவே?"

"மாமா ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். அங்க போய் உக்காருவேன். ஃபேன் காயில் கட்டுவேன். பம்பு செட்டு மோட்டார் வந்தா பிரிச்சுக் கொடுப்பேன்."

"அதை ஏன்டா எழுதலை?"

"அதெல்லாம் ஒரு வேலையாடா? கடை வேலை. கம்பெனிக்காரன் சிரிப்பான்."

நண்பர்களே, பெரிய தப்பு இங்கேதான் நடக்கிறது. நாம் எதை எழுத வெட்கப்படுகிறோமோ, பல சமயம் அதுதான் நம் ரெஸ்யூமேயிலேயே உருப்படியான வரி. அன்றைக்கு அவனைக் கேட்டுக் கேட்டு இப்படி எழுதினோம்:

'மூன்று கோடை விடுமுறைகளில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. சீலிங் ஃபேன் ஸ்டேட்டர் காயில் தனியாகக் கட்டத் தெரியும். மூன்று ஃபேஸ் பம்பு மோட்டாரில் காயில் எரிந்ததா, பேரிங் போனதா என்று சோதித்துச் சொல்லத் தெரியும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங் செய்திருக்கிறேன்.'

எல்லாம் உண்மை. எதைக் கேட்டாலும் பதில் சொல்ல முடியும். நேர்முகத்தில் அவனிடம் இருபது நிமிஷம் பேசினார்கள். பேச்சு முழுக்க எரிந்துபோன மோட்டார்களைப் பற்றித்தான்!

எந்தப் பிரிவாக இருந்தாலும் இதே முறைதான். 'கடின உழைப்பாளி' போன்ற வார்த்தையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் செய்த ஒரு வேலையை எழுதுங்கள்.

மெக்கானிக்கல்: 'லேத் தெரியும்' என்பதற்குப் பதில் 'ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், வி-த்ரெட் வெட்டியிருக்கிறேன், மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை அளப்பேன்.'

சிவில்: 'சர்வே தெரியும்' என்பதற்குப் பதில் 'டோட்டல் ஸ்டேஷன் வைத்துக் கல்லூரி மைதானத்தை அளந்து பிளான் வரைந்தோம், கான்கிரீட் க்யூப் போட்டு 7 நாள், 28 நாள் சோதனை செய்திருக்கிறோம்.'

கம்ப்யூட்டர்: 'பைத்தான் தெரியும்' என்பதற்குப் பதில் 'ஹாஸ்டல் மெஸ் கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதினேன்.'

புராஜெக்ட் ஐந்து பேர் சேர்ந்து செய்திருந்தால் அதில் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். எங்கள் புராஜெக்ட் நிலக்கடலை உடைக்கும் மிஷின். நான் எழுதியது: 'ஷாஃப்ட் டர்னிங், பேரிங் பொருத்தம், ஆட்டோகேட் டிராயிங் ஆகியவை என் பொறுப்பு.'

வரிசையும் முக்கியம். ஓவியர் லியனார்டோ டா வின்சி சுமார் 1482-ல் மிலான் நகரத்து ஆட்சியாளருக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். உலகத்தின் முதல் ரெஸ்யூமே என்று பலரும் சொல்வது அதைத்தான். பாலம் கட்டுவேன், அகழி நீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாகப் போர்க்கருவிகள். 'ஓவியமும் வரைவேன்' என்பது கடைசியில்தான் வருகிறது! ஆட்சியாளருக்கு அப்போது தேவை போர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு எது பிடிக்கும் என்பது பிறகு; அவர்களுக்கு எது வேண்டுமோ அது மேலே.

வாழ்க்கைக் குறிப்பு எழுதும் முறை

இப்போது அடுத்த காகிதம். பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் யூகாஸ் என்ற அமைப்பு மூலம் பர்சனல் ஸ்டேட்மெண்ட் அனுப்ப வேண்டும். ரொம்ப வருஷம் அது ஒரே நீளக் கட்டுரையாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்தது இதற்கு எப்படி உன்னைத் தயார் செய்திருக்கிறது? வகுப்புக்கு வெளியே வேறு என்ன செய்து தயாரானாய்? மூன்றும் சேர்த்து 4,000 எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும்.

நாம் லண்டன் போகிறோமோ இல்லையோ, இந்த மூன்று கேள்வியும் நல்ல அச்சு. எந்த வாழ்க்கைக் குறிப்புக்கும் இதில் வார்த்து எடுக்கலாம். உதவித்தொகை என்றால் நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தப் பணம் வந்தால் எது நடக்கும், வராவிட்டால் எது நின்றுபோகும்?

என் நண்பன் அதே அறக்கட்டளைக்கு அடுத்த வருஷம் மறுபடி எழுதினான். முதலில் எழுதியது முழுக்க அழுகை. "பரிதாபமா எழுதினாத்தானே கொடுப்பாங்க?" என்றான். ஒர்க்‌ஷாப் சார் அதை வாங்கி, "கஷ்டத்தை ஒரு பத்தியில சொல்லு. அந்தக் கஷ்டத்தை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணினேன்னு மூணு பத்தியில சொல்லு" என்றார்.

அப்படியே எழுதினான். அப்பா தறி ஓட்டுகிறார், வாரக் கூலி, ஃபீஸுக்குக் கடன் வாங்கிய விவரம் ஒரு பத்தி. ரீவைண்டிங் கடையில் கற்றது ஒரு பத்தி. மோட்டார் ஏன் எரிகிறது என்று புத்தகத்தில் தேடி, வோல்டேஜ் குறைவதையும் ஒரு ஃபேஸ் போவதையும் புரிந்துகொண்டு ஊர்க்காரர்களுக்கு விளக்கியது ஒரு பத்தி. கடைசி ஆண்டு ஃபீஸ் கிடைத்தால் கடை வேலைக்கு லீவு எடுக்காமல் படிப்பை முடிக்க முடியும் என்பது கடைசிப் பத்தி. மொத்தம் ஒரே பக்கம். இந்த முறை உதவித்தொகை வந்தது.

என் பழைய கடிதத்தில் 'தணியாத ஆர்வம்' என்று எழுதியிருந்தேனே, அதையும் சாரிடம் கேட்டேன். "ஆர்வம்னு எழுதாதே. ஆர்வத்துல என்ன பண்ணினியோ அதை எழுது. படிக்கிறவனே ஆர்வம்னு சொல்லிக்குவான்" என்றார்.

அரியர் இருந்தால்?

இது ரகசியமாகப் பலர் கேட்கும் கேள்வி. ரெஸ்யூமேயில் பொய் மார்க் போடாதீர்கள். மார்க்‌ஷீட்டைப் பார்க்காமல் யாரும் வேலை கொடுப்பதில்லை. இப்போது இருக்கிற சதவீதத்தையும், படிப்பு எப்போது முடியும் என்பதையும் எழுதுங்கள். காரணம் சொல்லும் இடம் ரெஸ்யூமே அல்ல. நேர்முகத்தில் கேட்டால் சொல்லலாம். வாழ்க்கைக் குறிப்பு என்றால் ரெண்டு வாக்கியத்தில் சொல்லலாம். என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம், அதைச் சரிசெய்ய என்ன செய்தேன் என்று ஒரு வாக்கியம். ராமானுஜன் முறை!

சின்னச் சின்ன விஷயங்கள்

தனியார் கம்பெனிக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் சாதி, மதம், அப்பாவின் வருமானம் தேவையில்லை. அரசுப் படிவத்தில் கேட்டால் மட்டும் சான்றிதழோடு கொடுங்கள்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் ரெஸ்யூமேயில் போடவே கூடாது. 'வேலை உறுதி, முன்பணம் கட்டு' என்று யாராவது கேட்டால் அது வேலை அல்ல, மோசடி.

பெரிய கம்பெனிகள் பலவற்றில் ரெஸ்யூமேயை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறது. பூ வேலை, கட்டம், கலர் எல்லாம் அதைக் குழப்பும். சாதாரண எழுத்தில், பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள். 'புதுசு-ஃபைனல்-3' என்று போனால் அவர்கள் எப்படித் தேடுவார்கள்?

மெயில் முகவரியும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்த 'சிங்கக்குட்டி', 'கில்லி பாய்' எல்லாம் நண்பர்களோடு இருக்கட்டும். பெயரும் இனிஷியலும் வைத்துப் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

ரெஸ்யூமேயோடு அனுப்பும் மெயிலைக் காலியாக விடாதீர்கள். எந்த வேலைக்கு, எங்கே பார்த்து, ஏன் பொருத்தம் என்று நாலு வரி போதும்.

அனுப்புவதற்கு முன் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இதை விளக்கு" என்று கேட்கச் சொல்லுங்கள். விளக்க முடியாத வரியை அடித்துவிடுங்கள். என் ரெஸ்யூமேயில் 'சி.என்.சி.' அப்படித்தான் போனது. பிறகு முறையாகக் கற்றுக்கொண்டு, போன மாதம்தான் மறுபடி சேர்த்தேன்.

முடிவாக...

வாழ்க்கைக் குறிப்பா, ரெஸ்யூமேயா என்று கேட்டால் என் பதில் இதுதான். விண்ணப்பத்தில் கேட்டிருக்கும் வரியை ரெண்டு தடவை படியுங்கள். கை வேலையைக் கேட்கிறார்களா? ரெஸ்யூமே. காரணத்தைக் கேட்கிறார்களா? வாழ்க்கைக் குறிப்பு. வெறும் விவரம் கேட்கிறார்களா? அவர்கள் படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்புங்கள். எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது நாம் செய்ததாக இருக்கட்டும்.

எனக்கு அப்ரண்டீஸ் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். என் நண்பன் ரெண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவனுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பேனாவைத் திறந்து, இந்த மூன்று வருஷத்தில் உங்கள் கையால் செய்த பத்து வேலைகளை எழுதிப் பாருங்கள். மாமா கடை, அப்பா வயல், அண்ணன் ஒர்க்‌ஷாப் எதையும் விடாதீர்கள். ரெஸ்யூமேயானாலும் வாழ்க்கைக் குறிப்பானாலும் அந்தப் பத்து வரியிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

வாழ்த்துக்களுடன்,
இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்